உள்கதவு அவளாம், வெளிக்கதவு நானாம்

சங்கரன்கோவில்,
18-2-86, செவ்வாய்.

சிவகிரியில் இருக்கும் உடன்பிறந்த தங்கச்சி பிச்சம்மாளுக்கு அக்கா நெல்லையம்மாள் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் முட்டுவலியும் கோமதியம்மன் புண்ணியத்தில் சௌக்கியம். அங்கே நீயும், உன் மாடு கன்றும், உன் கோபமும் சௌக்கியமா என்று எழுதவும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நீ மூன்றோடு நின்றவள். ஆகையால் இதில் எழுத்துப்பிழை இருந்தாலும் உனக்குத் தெரியப் போவதில்லை. இன்லண்டு லெட்டரில்தான் எழுத உட்கார்ந்தேன், சௌக்கியம் கேட்டு முடிக்கவே பாதி தீர்ந்துவிட்டது. அதனால் பேரனுடைய நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன்.

நாலு வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் மாட்டுத் தொழுவத்துக்கு மறைப்பாகச் சாத்தி வைத்திருக்கிறாயே நம்ம அப்பா வீட்டுத் தேக்குக் கதவு, அது வருகிற வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு இங்கே வந்து சேர வேண்டும். அப்பா போன பிறகு வீட்டை விற்றோம். அப்போது முன்வாசல் இரட்டைக் கதவை நீயும் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை, பஞ்சாயத்துக்கு வந்த பெரியவங்க வெற்றிலை தீரும் மட்டும் பேசிப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு கதவு என்று கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். உலகத்தில் ஒற்றைக் கதவை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும் என்று அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கதவுக்கு ஒன்றாகச் செதுக்கி, மூக்கோடு மூக்கு வைத்து நின்ற மயில் இரண்டில் என் மயில் இருபது வருஷமாக என் வீட்டுப் பட்டாசாலைக் கூடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்குது, உன் மயில் மாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்குது. வெயில் காலத்தில் நான் என் கதவைக் கவிழ்த்துப் போட்டுக் கூழ்வத்தல் காயவைப்பேன். அதை மறைக்கவில்லை.

இப்போது எதற்குக் கதவு என்றால், எல்லாம் என் மகன் வயிற்றுப் பேரனால் வந்தது. மதுரையில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன், இப்போது இங்கே ராஜபாளையம் ரோட்டில் பழைய பருத்திக் கிட்டங்கிக் கட்டடம் ஒன்றைப் பிடித்து, கண்ணில் விடுகிற சொட்டு மருந்து சொந்தமாகச் செய்யப் போகிறான். அவன் பேரை நான் எழுதமாட்டேன், அது உன் அத்தான் பேர். அவுக போய்ப் பதினோரு வருஷம் ஆகியும் என் வாயிலிருந்து அந்தப் பேர் வந்ததில்லை. அவனை 'அய்யா' என்றுதான் கூப்பிடுகிறேன். ஆனால் அவனுக்குத் தாய்வழி ஆச்சி ஒருத்தி இருக்கிறாளே, என் சம்பந்தி புளியங்குடி சங்கரம்மாள், அவள் காரை விட்டு இறங்கும்போதே அந்தப் பேரைத் தெருமுனை வரைக்கும் கேட்கக் கூப்பிடுகிறாள். நான் வாயால் சொல்லக் கொடுத்துவைக்காத பேரை அவள் தேங்காய் விற்கிறவன் மாதிரி கூவுகிறாள். இதைக் கேட்டுக்கொண்டு நான் அவளுக்குக் காப்பி போட வேண்டும்.

அந்தக் கிட்டங்கிக்கு நடுவில் அவன் ஒரு அறை கட்டியிருக்கிறான். அதற்குக் கிளீன் ரூம் என்று சொல்லுகிறான். நம்ம அடுப்படியை விடவா என்று கேட்டேன், சிரித்தான். அதற்குள் தூசி என்ற பேச்சே இருக்கக்கூடாதாம். வடிகட்டின காற்று கூரையிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்குமாம், உள்ளே காற்று நெருக்கமாக இருப்பதால் கதவைத் திறந்தால் அது வெளியேதான் தள்ளுமாம், வெளித்தூசி உள்ளே வராதாம். போகிறவன் முதலில் ஒரு சின்ன அறையில் நின்று உடுப்பு மாற்றி, தலையை மூடி, கை கழுவி, அதற்கப்புறம்தான் உள்ளே போகணும். ஆக, சின்ன அறைக்கு வெளியே ஒரு கதவு, உள்ளே ஒரு கதவு, இரண்டு கதவு வேண்டும். அந்த இரண்டு கதவைத் தேர்ந்தெடுக்க அவன் மூன்று மாசம் அலைந்தான். அவனுக்குப் பெண் பார்க்க நாங்கள் இவ்வளவு அலையவில்லை. சாப்பிடும்போதும் பக்கத்தில் கதவுப் படம் போட்ட தாள். நான் போய்ப் பார்த்தபோது நம்ம கோவில் புற்றுமண்ணில் ஒரு பிடி முந்தியில் முடிந்து கொண்டுபோனேன், அறை மூலையில் போட்டால் நல்லது என்று. வாசலிலேயே மறித்துவிட்டான். "ஆச்சி, மண்ணு உள்ள வராம இருக்கத்தான் இவ்வளவு பாடும்" என்றான். ஊரெல்லாம் நெற்றியில் பூசுகிற மண் இவனுக்கு மட்டும் ஆகாது.

இந்தச் சமயம் பார்த்து சங்கரம்மாள் காரில் வந்து இறங்கினாள். அவள் வீட்டில் எலுமிச்சம்பழ மண்டி, அதனால் எப்போது வந்தாலும் ஒரு சாக்கு எலுமிச்சம்பழம். ஊறுகாய் போட்டுப் போட்டு என் பரணில் ஜாடி வைக்க இடமில்லை. உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "ரெண்டு கதவும் தாய்வழிச் சீரா நாங்க செய்யுதோம் மதினி, நீங்க ஒண்ணும் அலட்டிக்கிடாதீங்க" என்றாள். அலட்டிக்கிடாதீங்களாம். என் மகன் வீட்டில், என் பட்டாசாலையில், நான் போட்ட பாயில் உட்கார்ந்துகொண்டு. எனக்குப் பொறாமை என்று நீ நினைத்துவிடாதே பிச்சம்மா, பொறாமை என் குணத்திலேயே கிடையாது. அவள் காரில் வந்தாள், நான் பார்த்தேன், அவ்வளவுதான். காரின் பின்பக்கக் கண்ணாடியில் ஒரு விரிசல் இருந்தது, அதையும் பார்த்தேன்.

பேரன் சும்மா இருந்திருக்கலாம். இரண்டு ஆச்சிக்கும் விளங்க வைக்கிறேன் என்று சாக்பீஸால் பட்டாசாலைத் தரையில் அறையைக் கோடு போட்டான். போட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் கதவாக நிற்க வைத்தான். இந்த இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்கக்கூடாதாம், ஒன்று மூடினால்தான் மற்றது திறக்குமாம், அப்படி ஒரு பூட்டு வைக்கப் போகிறானாம். ஒரு கதவு திறந்திருந்தால் சிவப்பு பல்பு எரியும், இன்னொரு கதவு அசையாது. சரி. அதில் யார் எந்தக் கதவு? உள்கதவு சங்கரம்மாளாம், வெளிக்கதவு நானாம். தற்செயலாக நின்ற இடம் ஆச்சி என்று அவன் பிறகு நூறு தடவை சொன்னான். தற்செயலாக எனக்கு ஒருநாளும் உள்ளே இடம் கிடைத்ததில்லை. அவள் கையை நீட்டிக் கதவாகத் திறந்து, திறந்தபடியே வாயையும் திறந்து, கோயம்புத்தூரில் தன் மகனுக்குத் தெரிந்த பட்டறை, எவர்சில்வர் தகடு, அது இது என்று கால்மணி நேரம் பேசினாள். விதிப்படி அவள் திறந்திருக்கிற வரைக்கும் நான் மூடிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

மறுநாளே மூக்காண்டி ஆசாரியைக் கூப்பிட்டு என் மயில் கதவை அளக்கச் சொன்னேன். எவர்சில்வர் சட்டிபானைக்கு, கதவுக்குத் தேக்கு. நம்ம அப்பா வீட்டுக் கதவு போட்டால் அந்த உள்கதவு வெளிக்கதவு வழக்கெல்லாம் எடுபட்டுப்போகும் என்பது என் கணக்கு. மூக்காண்டி பாதி அளந்துகொண்டிருக்கும்போது பேரன் வந்துவிட்டான். அவனுக்கு வேண்டிய கதவு எப்படி என்று கேள். மரம் கூடாது, மரம் ஈரம் குடிக்கும், நார் உதிர்க்கும். சித்திரம் கூடாது. குமிழ் கூடாது, தாழ்ப்பாள் கூடாது, கையே படாமல் முழங்கையால் தள்ள வேண்டும். கீழே நிலைப்படி கூடாது, கதவு மூடினதும் ஒரு ரப்பர் பட்டை தானாக இறங்கித் தரையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பார்க்கிறதுக்குக் கண்ணாடி உண்டு, ஆனால் கண்ணாடி கதவோடு சமமாக இருக்க வேண்டும், விளிம்பு இருந்தால் தூசி உட்காரும். உள்பக்கமாகத்தான் திறக்க வேண்டும், அப்போதுதான் உள்காற்றே அழுத்திச் சாத்தி வைத்துக்கொள்ளும். நிலைப்படி இல்லாத கதவுக்கு மஞ்சள் எங்கே தடவுகிறது என்று கேட்டேன். "தடவவே கூடாது ஆச்சி" என்றான். சொல்லிவிட்டு ஒரு வெள்ளைத் துணியை எடுத்து என் மயில் கழுத்தில் ஒரு தடவு தடவி, என்னிடம் காட்டினான். கரிச்சட்டி துடைத்த மாதிரி இருந்தது. வெள்ளிக்கு வெள்ளி நான் துடைக்கிற மயில் பிச்சம்மா. மூக்காண்டிக்கு முன்னால் என் மானம் போச்சு.

அப்புறம் கோயம்புத்தூரிலிருந்து லாரியில் கதவு வந்தது. கிட்டங்கியில் சுவர்ப்பூச்சு காயவில்லை என்று இரண்டு கதவையும் சாக்குச் சுற்றி என் பட்டாசாலையில்தான் சாத்தி வைத்தார்கள், என் மயிலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நான் பொய் சொல்லமாட்டேன், நல்ல கதவு. தட்டைக் கவிழ்த்த மாதிரி வழவழவென்று, முகம் தெரிந்தது. என் முகம் அதில் எனக்கே பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் நான் கோவிலுக்குப் போயிருந்த நேரம் சங்கரம்மாள் வந்திருக்கிறாள். ரத வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிற ஹபீப் முகம்மதுவைக் கூட்டிவந்து, குடத்திலும் தூக்குச்சட்டியிலும் பேர் வெட்டுகிற மெஷினால், உள்கதவுக்கு மேல் பக்கம் 'புளியங்குடி சங்கரம்மாள் உபயம்' என்று புள்ளி புள்ளியாக வெட்டிவிட்டுப் போயிருக்கிறாள். கோவில் ட்யூப்லைட்டில் எழுதுவார்களே, அந்த மாதிரி. சாக்கை விலக்கிப் பார்த்தவுடன் எனக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ ஏறி வந்தது. பித்தம் என்று நினைத்துச் சுக்குத் தண்ணீர் குடித்தேன். இறங்கவில்லை.

மறுநாள் காலையில் மகனும் மருமகளும் ஒரு விசேஷத்துக்குத் திருவேங்கடம் போனார்கள். நான் ஹபீப் முகம்மதுவுக்கு ஆள் அனுப்பினேன். அவர் மெஷினை எடுத்துக்கொண்டு வந்து, இரண்டாவது கதவைப் பார்த்துத் தயங்கினார். "கதவு அவங்க குடுத்ததுல்லா ஆச்சி, உங்க பேரை எப்படி வெட்ட?" என்று கேட்டார். "கதவு அவ குடுத்தா, கதவு வழியா போறவனை நான்தான குடுத்தேன். வெட்டும் வே" என்றேன். "அவங்களுக்கும் பேரன்தான ஆச்சி" என்றார். காப்பி வேணுமா என்று கேட்டேன். மெஷினைக் கையில் எடுத்தார். 'சங்கரன்கோவில் நெல்லையம்மாள்' என்று வெட்டினார், அவளுடையதை விட ஒரு விரற்கடை பெரிய எழுத்தாக. பக்கத்தில் ஒரு மயில் போடச் சொன்னேன். அது கொஞ்சம் கோழி மாதிரி வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன்.

போன சனிக்கிழமை கதவு மாட்ட ஆள் வந்தாச்சு. சங்கரம்மாளும் பார்க்க வந்துவிட்டாள். பேரன் சாக்கை அவிழ்த்தான். முதல் கதவைப் பார்த்தான், இரண்டாவது கதவைப் பார்த்தான், கோழியைப் பார்த்தான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கத்துவான் என்று நினைத்தேன், கத்தவில்லை. வெள்ளைத் துணியை எடுத்து எழுத்துமேல் தேய்த்தான், துணியின் நூல் புள்ளிக்குப் புள்ளி மாட்டிக்கொண்டு நின்றது. இரண்டு மூன்று இடத்தில் தகடே துளைத்து, உள்ளே அடைத்திருக்கிற பஞ்சு மாதிரிச் சாமான் எட்டிப் பார்த்தது.

"இந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு குழி ஆச்சி. துடைக்க துணி உள்ள போகாது, தூசி மட்டும் போகும். சிவகிரிச் சின்னாச்சி கண்ணுக்குள்ள போனது இதைவிடச் சின்னதுதான்" என்றான்.

உன்னைத்தான் சொன்னான் பிச்சம்மா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ கொடுத்த அழுக்குச் சொட்டு மருந்தை விட்டு உன் இடது கண் போனதே, அப்போது உன்னை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தவன் அவன்தான். இத்தனை நாளாக எதற்கு இந்தப் பயல் வேறு மருந்தெல்லாம் விட்டுவிட்டுக் கண் மருந்தையே பிடித்துத் தொங்குகிறான் என்று நான் யோசித்ததில்லை. கதவைப் பற்றித்தான் யோசித்தேன். நான் சங்கரம்மாளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷச் சம்பந்தத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான். அந்தப் பயலுக்கு அப்போதும் குறும்பு. "ரெண்டு கதவும் சேர்ந்து மூடியிருக்கலாம், அது தப்பில்ல" என்றான்.

எழுத்தும் பூவும் இல்லாமல் வேறு இரண்டு கதவுக்கு அவனே எழுதிப் போட்டுவிட்டான். பேர் வெட்டின கதவு இரண்டும் வீணாகவில்லை. சங்கரம்மாள் கதவை அட்டைப்பெட்டி அடுக்குகிற அறைக்கு மாட்டிவிட்டான், தினமும் நாலு பேர் போகிற வருகிற இடம். என் பேர் உள்ளதை எதற்கு மாட்டினான் என்று எழுதக் கை கூசுகிறது. தண்ணீர் பட்டால் துருப்பிடிக்காது என்று காரணம் சொன்னான். உள்ளே போகிற ஒவ்வொருத்தனும் செம்பும் கையுமாக நின்று என் பேரைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

என் முகத்தைப் பார்த்து அவனுக்கே பாவமாகப் போயிருக்கும். "கட்டடத்து முன்வாசல் உங்களுக்கு ஆச்சி. அங்கன மஞ்சள் பூசுங்க, மாவிலை கட்டுங்க, பேர் வெட்டுங்க, மண்ணைக்கூடப் போடுங்க. உங்க மயில் கதவையே மாட்டிருவோம்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் சங்கரம்மாள் பக்கத்திலேயே நின்றாளே. உடனே தென்காசியில் எலுமிச்சம்பழக் கொத்து செதுக்கின புதுத் தேக்குக் கதவு ஜோடியாக இருக்கிறது, சொல்லி அனுப்பவா என்று கேட்டாள். பேரன் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, "வெள்ளிக்கிழமை நிலை நிறுத்துதோம். அன்னைக்கு எந்தக் கதவு ஜோடியா வந்து நிக்குதோ அதை மாட்டுவேன்" என்று சொல்லிவிட்டான். என்னிடம் இருப்பது பாதி. மீதிப் பாதி உன் மாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

உனக்கு வயிறு எரியும் என்று எனக்குத் தெரியும் பிச்சம்மா. நீ சின்ன வயதிலிருந்தே பொறாமைக்காரி, எனக்கு ரிப்பன் வாங்கினால் உனக்கும் வேண்டும் என்று தரையில் புரள்வாய். நாலு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டு விசேஷத்தில், அக்கா கதவில் வத்தல் காயுது, என் கதவு மாட்டுக்காவது மரியாதையாக இருக்கு என்று நாலு பேர் மத்தியில் சொன்னவள்தான் நீ. அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, தேதி கிழமை மட்டும் ஞாபகம் இருக்கு. கதவை அனுப்பு. மாட்டுக்கு மறைப்பாக நல்ல மூங்கில் தட்டி ஒன்று இங்கிருந்து அனுப்புகிறேன். மூக்காண்டியை வேண்டுமானாலும் அனுப்பி எடுத்துவரச் சொல்லுகிறேன். முடியாது என்றால் முடியாது என்று ஒரு கார்டில் எழுதிவிடு. நீ தரமாட்டாய் என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் கேட்டேன் என்று இருக்கட்டும்.

உன் மகனுக்கும் மருமகளுக்கும் பேத்திகளுக்கும் என் வாழ்த்து. மாட்டையும் கேட்டதாகச் சொல். வெயில் ஏறுகிறது, நல்ல கண்ணில் தூசி விழாமல் பார்த்துக்கொள். மற்றவை உன் பதில் கண்டு.

இப்படிக்கு,
உன் அக்கா
நெல்லையம்மாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க அடுப்படிக்குப் போனேன். அதற்குள் வாசலில் டெம்போச் சத்தம், உன் கதவு வந்து இறங்கிவிட்டது. பேரன் ஞாயிற்றுக்கிழமையே என்னிடம் சொல்லாமல் சிவகிரி வந்தானாம், அவன் கேட்டு முடிக்குமுன்னே நீ ஆளைக் கூப்பிட்டுத் தூக்கிவிடச் சொன்னாயாம். மேலே உன்னைப் பற்றி எழுதினதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். சங்கரம்மாளைப் பற்றி எழுதினது அப்படியே இருக்கட்டும் என்றுதான் இருந்தேன், ஆனால் கதவு வந்ததே அவள் மண்டி டெம்போவில். கூடவே வந்து இறங்கி, "தென்காசிக் கதவு வேண்டாம்னுட்டேன் மதினி, ரெண்டு மயிலும் சேரட்டும்" என்கிறாள். இதிலும் அவளே பெரிய மனுஷி ஆகிவிட்டாள், காப்பி போட்டுக் கொடுத்தேன். கதவு முழுக்க எலுமிச்சம்பழ வாசம்.

சாணியைக் கழுவிப் பார்த்தேன். மயில் காலுக்குக் கீழே 'சிவகிரி பிச்சம்மாள்' என்று உளிவெட்டு, வெட்டின இடத்தில் மரத்தின் புதுநிறம்கூட இன்னும் மாறவில்லை. ஒத்தைக் கண்ணை வச்சுக்கிட்டு எழுத்தை இவ்வளவு நேரா எப்படிட்டி போடச் சொன்ன? மூக்காண்டியை உளியோடு வரச் சொல்லியிருக்கேன், என் கதவில் என் பேர். உன் பேர் ஆறு எழுத்து, என் பேர் ஏழு, அதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது. வெள்ளிக்கிழமை காலம்பர வராதே, அப்போ கதவைத் திறந்து வச்சிருப்பாங்க, ஆளுக்கொரு பக்கம் போயிருவோம். சாயங்காலம் கதவு சாத்துத நேரத்துக்கு வந்து பாரு.